மருந்து பழசுதான், களிக்குத்தான் பதம் வரணும்

போன மாதம் வெள்ளைப்படுதல் பற்றி வந்த ஒரே ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதினேன். அதற்கே இத்தனை கடிதமா என்று ஆகிவிட்டது. பாதிக்கு மேல் பெயர் இல்லை, சிலதில் ஊர்கூட இல்லை. ‘அங்க’, ‘கீழ’, ‘அந்த இடத்துல’ என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. நான் யோனி என்றே எழுதுகிறேன், மருந்து விற்கிறவள் அதற்கெல்லாம் கூச்சப்பட்டால் கடையைத்தான் மூட வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: பதினாறு வருடம் ஒரு மருந்து கம்பெனியில் களிம்பு, ஜெல் செய்யும் பிரிவில் இருந்துவிட்டு இப்போது தருமபுரியில் சொந்தமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை டாக்டரிடம்தான் அனுப்புவேன், ட்யூபுக்குள் இருப்பதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

அக்கா, நான் எம்.ஃபார்ம் இரண்டாம் வருடம். யோனிப் பூஞ்சைத் தொற்றுக்கு க்ளோட்ரிமசோல் ஜெல் செய்வது என் ப்ராஜெக்ட். ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போபால் பொடியில் செய்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. பி.எச். அளவை (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.2-க்கு இறக்கினதும் நீர்த்துப் போய்விட்டது. இதில் கைடு மேடம் வேறு ‘கடையில இத்தனை ஜெல் இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு’ என்கிறார். என்ன சொல்வது?
– மாணவி, தருமபுரி

மேடம் கேட்டதை முதலில் பார்ப்போம் கண்ணு. மருந்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். க்ளோட்ரிமசோல் 1970-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பூஞ்சை தன் செல்லுக்குச் சுவர் மாதிரி வைத்திருக்கும் சவ்வில் எர்கோஸ்டெரால் என்று ஒரு கொழுப்பு உண்டு, அதைச் செய்யவிடாமல் தடுக்கும். நம் செல்லில் அது கிடையாது, அதனால் நமக்கு அடி விழாது. இந்த வகை மருந்தை உள்ளே வைத்து, சொன்ன நாள் முழுக்க முடித்த பெண்களில் நூற்றுக்கு 80, 90 பேருக்குக் குணம் தெரிகிறது. இதைவிட ஒரு மருந்து என்ன செய்துவிட முடியும்?

ஆனால் ‘சொன்ன நாள் முழுக்க’ என்று எழுதினேன் பார், சிக்கல் அங்கேதான். என் கடையில் ஆறு நாளைக்கு வாங்கிப் போனவர் மூன்றாம் நாளே வந்து, குரலைத் தாழ்த்தி, ‘எரியுதுங்க, எல்லாம் வழிஞ்சு பாவாடையில ஒட்டுது, விட்டுட்டேன்’ என்பார். அவர் குறை சொல்வது மருந்தை இல்லை, மருந்தைச் சுமந்து வந்த சமாச்சாரத்தை. எரியாமல், வழியாமல், ராத்திரி போட்டது காலை வரை உள்ளேயே தங்குகிற ஒரு களி, இதுதான் உன் ப்ராஜெக்ட் என்று மேடத்திடம் சொல்.

களி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ராகிக் களி கிளறின வீட்டுப் பெண்ணுக்குக் கார்போபால் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மாவை ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டால் என்ன ஆகும்? மேலே நனைந்து உள்ளே வெறும் மாவாகக் கட்டி தட்டும், அப்புறம் துடுப்பை எவ்வளவு சுற்றினாலும் அந்தக் கட்டி உடையாது. கார்போபாலும் அப்படியே. சுழலும் தண்ணீரில் விபூதி தூவுகிற மாதிரி தூவ வேண்டும், ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். காலையில் பார்த்தால் கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கும், ‘போச்சு, கெட்டுப்போச்சு’ என்று நினைப்பாய். அதில் ட்ரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டு சொட்டாக விட்டால் நாலாவது சொட்டிலோ ஐந்தாவது சொட்டிலோ கண்ணாடிக் கோல் பிடித்து நிறுத்தின மாதிரி நின்றுவிடும். முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது.

நீர்த்ததற்குக் காரணமும் அந்தச் சொட்டுதான். கார்போபால் ஒரு நீளச் சங்கிலி, அமிலத்தில் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். காரம் விட்டால் சங்கிலி முழுக்க ஒரே மின்சுமை ஏறி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும், அந்த விரிவுதான் கெட்டி. நீ மறுபடி 4.2-க்கு இறக்கினால் பாதிக்கு மேல் திரும்பச் சுருண்டுகொள்கிறது. பி.எச்சை ஏற்றியே வைத்துவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. நல்ல நிலையில் இருக்கும் யோனியில் பி.எச். 3.8 முதல் 4.5 வரை. அங்கே குடியிருக்கும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலம் விட்டு அந்தப் புளிப்பைக் காப்பாற்றுகிறது. நாம் போய் அதைக் கலைக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பல பேர் சோதிப்பதே இல்லை. பீக்கரில் நிற்கிற ஜெல் உடம்புக்குள் நிற்காது, ஏனென்றால் அங்கே உப்பு இருக்கிறது. கார்போபாலுக்கு உப்பு பட்டாலே தளர்ந்துவிடும். ஓவன், காட்ஸ் என்ற இருவர் 1999-ல் யோனித் திரவத்துக்கு ஒரு செயற்கைச் செய்முறை கொடுத்தார்கள்: சோடியம் குளோரைடு, லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம், குளுக்கோஸ், யூரியா, கொஞ்சம் அல்புமின், கடைசி பி.எச். 4.2. அதைக் கலந்து வைத்துக்கொள். உன் ஜெல்லை அதோடு சேர்த்து 37 டிகிரியில் வைத்து, ஒரு சாய்ந்த கண்ணாடித் தகட்டில் விட்டு எவ்வளவு வேகமாக வழுக்குகிறது என்று பார். பெரிய மெஷின் இல்லாத காலேஜிலும் இதைச் செய்யலாம்.

அப்போ கார்போபாலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரப்படாதே. புளிப்பில் அது நீர்க்கிறதே தவிர, சவ்வில் ஒட்டுவது புளிப்பில்தான் நன்றாக ஒட்டும். சுருண்ட சங்கிலியில் இருக்கும் கார்பாக்சில் பிடிகள் சளியிலுள்ள மியூசின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கெட்டிக்கு ஒன்று, ஒட்டுக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக் கொடு. கெட்டிக்கு ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் போடலாம், அதற்கு மின்சுமையே கிடையாது, புளிப்பையும் உப்பையும் கண்டுகொள்ளாது. ஒட்டுவதற்குக் கொஞ்சமாகக் கார்போபால், அல்லது அதன் பங்காளியான பாலிகார்போஃபில். போலாக்சமர் 407-ஐயும் ஒரு கை பார்க்கலாம். சுமார் 20 சதவீதக் கரைசல் குளிரில் தண்ணீராக ஓடும், உடம்புச் சூட்டில் கெட்டியாகும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அது ட்யூபுக்குள்ளேயே கெட்டியாகிக் கிடக்கும், அதையும் யோசி.

எரிச்சலுக்கு வருகிறேன். க்ளோட்ரிமசோல் தண்ணீரில் கரையாது, அதனால் எல்லாரும் அதைக் கரைக்க ப்ரொபிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைத் தாராளமாக ஊற்றுவார்கள். மாங்காய்த் துண்டில் உப்பு போட்டுப் பிசறி வைத்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விட்டுச் சுருங்குமே, அடர்த்தியான ஜெல் புண்பட்ட சவ்வில் அதைத்தான் செய்கிறது. யோனியில் போடும் வழுக்கு ஜெல்களுக்கு 2012-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு, சவ்வூடு அடர்த்தி (சவ்விலிருந்து தண்ணீரை இழுக்கும் பலம்) கிலோவுக்கு 1200 மில்லிஆஸ்மோலைத் தாண்டக் கூடாது, 380-க்குள் இருந்தால் உத்தமம் என்பது. நீயே கணக்குப் போடு: ப்ரொபிலீன் கிளைக்காலின் மூலக்கூறு எடை 76, லிட்டருக்கு 100 கிராம் போட்டாலே 1300 ஆகிவிட்டது. அதாவது 10 சதவீதத்திலேயே வரம்பு தாண்டியாச்சு, மருந்தும் மற்றதும் அப்புறம்தான். பெரிய மூலக்கூறு கொண்ட பி.இ.ஜி. 400 என்ற கரைப்பானை எடுத்துக்கொண்டால் அதே 10 சதவீதத்துக்குச் சுமார் 250-தான். உன் தீசிஸில் இந்த ஒரு அட்டவணை இருந்தாலே போதும், வைவாவில் வாயடைத்துப் போவார்கள். ஆல்கஹாலில் கரைத்துச் சேர்க்கும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடு, புண்ணில் ஸ்பிரிட் பட்ட அனுபவம் உனக்கும் இருக்கும்.

ஸ்டெபிலிட்டியில், அதாவது ஜெல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதில், ஏமாந்துவிடாதே. க்ளோட்ரிமசோலுக்கு அமிலம் ஆகாது, மெல்ல உடையும், ஆனால் நமக்கு ஜெல் புளிப்பாகத்தான் வேண்டும். அதனால் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் என்ற சோதனையைக் காகிதத்தில் முடிக்காமல் நிஜமாகவே வை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை மே மாதத்தில் சரக்கு லாரியோடு சில நாள் வெயிலில் நின்றுவிட்டது. திரும்பி வந்த ட்யூபை அழுத்தினால் முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர், அப்புறம் ரப்பர் மாதிரி ஒரு கட்டி. மருந்து அளவு சோதனையில் பாஸ்! களி பிரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்குத் தண்ணீரில் ஒரு அளவு, கட்டியில் ஒரு அளவு போய்ச் சேரும்.

கிருமி சோதனைக்கு, இந்தத் தொற்றை வழக்கமாக உண்டாக்கும் கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையை மட்டும் வாங்கி நிறுத்தாதே. சண்டிகரில் இருக்கும் நுண்ணுயிர்ச் சேமிப்பகமான எம்.டி.சி.சி.யில் கேண்டிடா க்ளாப்ராட்டாவும் கேட்டு வாங்கு, திரும்பத் திரும்ப வரும் கேஸ்களில் அதன் கை உண்டு, க்ளோட்ரிமசோல் மாதிரியான அசோல் மருந்துகளுக்கு அது லேசில் மசியாது. கூடவே ஒரு தட்டில் லாக்டோபாசில்லஸ் வைத்து, உன் ஜெல் அதைக் கொல்லாமல் விடுகிறதா என்றும் பார். அகார் தட்டில் மருந்தைச் சுற்றிப் பூஞ்சை வளராத வட்டம் பெரிதாக வந்தது என்று குதிக்காதே, அந்த வட்டம் மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை, ஜெல்லிலிருந்து மருந்து எவ்வளவு சுலபமாகக் கழன்று வருகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

எனக்கு 52 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. நாலு மாதம் முன்பு புது மாத்திரை ஒன்று சேர்த்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து மூன்று முறை அரிப்பு, தயிர் திரிந்த மாதிரி வெள்ளை. மெடிக்கலில் அதே ஜெல்லைத்தான் கொடுக்கிறார்கள். போட்டால் போகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. ஜெல்லில் சத்து இல்லையா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

ஜெல்லைத் திட்டாதீர்கள் அம்மா, முதலில் அந்தப் புது மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ என முடிகிறதா? இந்த வகை மாத்திரை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளி வெளியேற்றும், நாளுக்கு 60, 70 கிராம் வரைகூடப் போகும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிறுநீர் வழியில் சர்க்கரைத் தண்ணீர் ஓடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தானே. இதைச் சாப்பிடும் பெண்களுக்கு இந்தத் தொற்று மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2020-ல் முடிந்து விலை இறங்கினதிலிருந்து நம் பக்கமும் நிறைய எழுதுகிறார்கள். ‘இப்படி அரிப்பு வரலாம், வந்தால் சொல்லுங்க’ என்ற ஒரு வார்த்தையைத்தான் பல பேர் சொல்வதில்லை.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு டாக்டரிடம் போய் இந்த மூன்று முறைக் கதையையும் சொல்லுங்கள், மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தாலே அது வேறு கணக்கு. பஞ்சுக்குச்சியில் எடுத்து எந்தப் பூஞ்சை என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வாரம் ஒரு ஃப்ளூகோனசோல் மாத்திரை என்று ஆறு மாதம் வரைகூடக் கொடுப்பார்கள். காய்ச்சலோடு அந்தப் பகுதி வீங்கிக் கடுமையாக வலித்தால் மட்டும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அபூர்வம்தான், ஆனால் இந்த வகை மாத்திரையில் சொல்லி வைக்க வேண்டிய விஷயம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கினதே நம் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடமே வாசற்படியில் வைத்து இதைக் கேட்கலாம். அவரும் பெண்தான், இதெல்லாம் கேட்டுப் பழகினவர்தான்.

கெமிக்கல் ஜெல் எதற்கு? வேப்பிலை, மஞ்சள் அரைத்து, அல்லது புளிக்காத தயிரை உள்ளே வைத்தால் போகாதா? இயற்கையானதில் ஒரு ஜெல் செய்யக் கூடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்னாகரம்

டீச்சர், தயிரில் லாக்டோபாசில்லஸ் இருக்கிறது என்ற வரை உங்கள் யோசனை சரி. ஆனால் தயிரில் இருக்கும் வகையும் யோனியில் குடியிருக்கும் வகையும் ஒன்றில்லை, அண்ணன் தம்பியாக இருந்தாலும் வேறு வேறு வீடு. கூடவே தயிரில் பாலின் சர்க்கரையும் சமையலறைக் கிருமிகளும் வரும். அம்மியில் அரைத்த வேப்பிலை தட்டில் பூஞ்சையைக் கொல்லலாம், ஆனால் அதில் எவ்வளவு வீரியம், அம்மியில் என்னென்ன ஒட்டியிருந்தது, சவ்வு அதைத் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. சாப்பிடுங்கள், குளிக்கும் தண்ணீரில் போடுங்கள், உள்ளே வேண்டாம்.

இயற்கை என்றதும் எனக்குப் பிடித்த கதை ஒன்று ஞாபகம் வருகிறது. நிஸ்டாட்டின் என்று ஒரு பூஞ்சை மருந்து, வந்தது மண்ணிலிருந்து. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள், இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை. ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். ஹேசன் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களை வளர்த்து பூஞ்சையோடு மோதவிடுவார், தேறினதை ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார், பிரவுன் அதிலிருந்து மருந்துச் சரக்கைப் பிரித்தெடுத்துத் திரும்பத் தபாலில் அனுப்புவார். வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் மாட்டுப் பண்ணை மண்ணில்தான் கிடைத்தது. 1950-ல் அறிவித்தார்கள், மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். அதில் வந்த ராயல்டி 1 கோடி டாலருக்கும் மேல், அவ்வளவையும் ஆராய்ச்சிக்கே எழுதி வைத்துவிட்டார்கள். மாட்டுப் பண்ணை மண்ணைவிட இயற்கை என்ன வேண்டும்? ஆனால் யாரும் மண்ணை அள்ளி உள்ளே வைக்கவில்லை, அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்து, அளந்து, சோதித்த பிறகுதான் கொடுத்தார்கள். நம் வேப்பிலையிலும் யாராவது அத்தனை பாடுபட்டால் முதல் ஆளாகக் கடையில் அடுக்குகிறேன்.

ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறேன். கடையில் ஆண்கள்தான் நிற்பார்கள், கேட்கக் கூச்சம். ரூம்மேட் படர்தாமரைக்கு வாங்கின க்ரீமைத் தடவினேன். இரண்டு நாள் ரொம்ப சுகமாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம்.
– 22 வயது

தங்கச்சி, அந்த ட்யூபின் பின்பக்கம் பார்த்தால் க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று ஒரு பெயர் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், அதோடு அங்கே இருக்கும் உடம்பின் காவலையும் தூங்க வைத்துவிடும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். இந்த மாதிரி க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது, நடைமுறை உனக்கே தெரியும். இன்றோடு நிறுத்து.

அப்புறம், உனக்கு வந்திருப்பது பூஞ்சைதானா என்பதே இன்னும் தெரியாது. கெட்டியாகத் திரிதிரியாக, வாடை இல்லாமல், அரிப்பு அதிகமாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். தண்ணீராகச் சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியா சமாச்சாரம், மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் க்ளோட்ரிமசோல் ஜெல்லை மூட்டை மூட்டையாகப் போட்டாலும் உதவாது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு மையம் என்று ஒரு அறை இருக்கும், அங்கே பார்த்து மருந்தையும் இலவசமாகவே தருவார்கள். கடைக்குத்தான் போவாய் என்றால் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டு. என் கடைக்கு அப்படித்தான் பாதி பேர் வருகிறார்கள், நானும் பேசாமல் எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவேன்.

ஐந்தாம் மாதம். அரிப்பு தாங்கவில்லை. நர்ஸ் ஏழு நாளைக்கு உள்ளே வைக்கும் மருந்து கொடுத்தார், மாமியார் ‘புள்ளைக்கு ஆகாது, மாத்திரையா வாங்கிச் சாப்பிடு’ என்கிறார்.
– அரூர்

இதில் மாமியார் சொல்வது தலைகீழ். வாயில் போடும் ஃப்ளூகோனசோலைத்தான் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, கர்ப்பிணிக்கு ஏழு நாள் என்பதுதான் வழக்கமான அளவு. ஏழு நாளும் முடிக்கணும், நாலாம் நாள் சுகமாகிவிட்டது என்று விடக் கூடாது. அப்ளிகேட்டரை மெதுவாக, தடை தட்டும் இடத்தில் நிறுத்திக்கொள், தள்ளாதே, பயமாக இருந்தால் நர்ஸிடமே காட்டித்தரச் சொல். தூங்கப் போகும்போது வைத்தால் வழிவது குறையும். மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு, கோபித்துக்கொண்டால் என்னைத் திட்டச் சொல்.

மனைவிக்கு இந்தத் தொற்று. நானும் அந்த ஜெல்லைப் போட வேண்டுமா? வெளியே சொல்ல முடியவில்லை.
– காவேரிப்பட்டணம்

உங்களுக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் வேண்டாம் தம்பி. இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், உங்கள் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இது ‘எங்கேயோ போய் வாங்கி வந்த’ நோய் இல்லை, அந்தப் பூஞ்சை நல்லா இருக்கும் பெண்ணின் உடம்பிலும் சும்மா குடியிருப்பதுதான், நூற்றில் 75 பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். எண்ணெய் கலந்த க்ரீம் என்றால் ஆணுறை ரப்பர் பலவீனமாகிக் கிழியும், மருந்து முடியும் வரை விலகியிருங்கள். சீட்டைக் கொண்டுபோய் மருந்தை நீங்களே வாங்கி வந்து கொடுத்தால் அந்த அம்மாவுக்குப் பாதிக் கூச்சம் மிச்சம்.